மூணு ஏ வில்லை

கெக் சிம் வாயைத் திறந்தால் எங்கள் மீனவ ஊரான பாகான் தியாங்கில் பாதிப் பேர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பலகைப் பாதையில் போய்விடுவார்கள். அந்த வாய்க்கு அசையாத ஆள் ஊரில் ஒருவர்தான். ஃபெரியில் டிக்கெட் பார்க்கும் செங் பெக். பெக் என்றால் பெரியப்பா. வயதில் மூத்தவர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கெக் சிம்மும் அப்படித்தான் கூப்பிடுவாள், ஆனால் அவள் வாயில் அது வசவு மாதிரி விழும்.

அதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் அக்கரைக்குப் போய் அரிசி, காய்கறி, பெயிண்ட் டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, போகவர எடுத்த டிக்கெட்டைக் காணவில்லை. எங்கே விட்டாளோ. செங் பெக் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"டிக்கெட்?"

"என்ன பெக் இது? தெனம் பார்க்கிற மூஞ்சிதானே? காலையில நீங்கதானே ஏத்திவிட்டீங்க?"

"மூஞ்சியை நான் பார்க்கிறதில்ல. டிக்கெட்டைக் காட்டு."

"உங்க பொண்டாட்டி வந்தாலும் இப்படித்தான் கேட்பீங்களோ?"

"அவ எடுத்துக்கிட்டுத்தான் வருவா."

ஃபெரியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கெக் சிம் இறங்கிப் போய் இன்னொரு டிக்கெட் எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அவர் கையில் அவள் டிக்கெட்டைக் கொடுத்ததே இல்லை, வீசுவாள். அவரும் குனிந்து பொறுக்கி, பார்த்துவிட்டு, கிழித்துத் திருப்பித் தருவார். வருஷக் கணக்காக இந்தக் கூத்து நடந்தது.

கெக் சிம்முக்குத் தொழில் படகுக்கு எண் எழுதுவது. எங்கள் ஆற்றைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகின் மூக்கிலும் அவள் கையெழுத்துதான். படகு ஆடிக்கொண்டே இருக்கும். அவள் கை ஆடாது. கணவன் ஆழ்கடல் விசைப்படகில் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். ஒரே மகள் ஹுவீ ஷான் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வேலை முடிந்தால் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் கிடக்க வேண்டியதுதானே? அவள் போய் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையில் சேர்ந்துகொண்டாள்.

எங்கள் ஊருக்கு அந்தப் படை இல்லாமல் முடியாது. சேற்றில் தூண் நட்டுப் பலகையால் கட்டிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும். ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே போகும். அக்கரையிலிருந்து பொம்பா என்கிற அரசாங்கத் தீயணைப்புத் துறையின் படகு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் கோயில் கமிட்டி ஊர் ஊராக நன்கொடை கேட்டு, முதுகில் மாட்டும் மூச்சுக் கருவிகள் ஆறு வாங்கியது. புகைக்குள் போகிறவனுக்கு அந்தச் சிலிண்டரில் இருக்கிற காற்றுதான் உயிர்.

வாங்கி வைத்த புதிதில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! ஒருவன் முகமூடியை இன்னொருவன் எடுத்துப் போவான். பாதி தீர்ந்த சிலிண்டரை நிறைந்ததோடு சேர்த்து அடுக்கிவிடுவார்கள். ஒரு தடவை பயிற்சியில் ஒருவன் உள்ளே போன வேகத்தில் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தான். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. எண் எழுத ஊரில் யார் இருக்கிறார்கள்? கெக் சிம்தான். எழுத வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். சிலிண்டரை நிரப்பி வைப்பது, முகமூடியைக் கழுவிக் காயப்போடுவது, வாரைச் சரிபார்ப்பது என்று எல்லாம் அவள் கைக்கு வந்தன. சம்பளம் கிடையாது. "என் பொண்ணு மாட்டிக்கிட்டுப் போறா, வேற எவனை நம்பி விடச் சொல்றீங்க?" என்பாள்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வில்லை உண்டு. உள்ளங்கை அளவு வட்டத் தகடு, அதில் எண். உள்ளே போகிறவர் அதைக் கழற்றி வாசலில் ஆணி அடித்த பலகை வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு காற்று, எத்தனை மணி என்று அவர் மெழுகுப் பென்சிலால் எழுதி ஆணியில் மாட்டுவார். வெளியே வந்ததும் நேராகப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பலகையை யாரிடம் கொடுப்பது என்று கமிட்டி யோசிக்கக்கூட இல்லை. தலை எண்ணுவதிலேயே ஆயுளைக் கழித்தவர் செங் பெக் இருக்கிறாரே!

"போச்சு. இனி தீப்பிடிச்சாலும் இந்த மனுஷன்கிட்ட டிக்கெட் எடுக்கணும்" என்று கெக் சிம் தலையில் அடித்துக்கொண்டாள்.

எண் போடுகிற அன்று கோயில் மண்டபத்தில் பெரிய பேச்சு நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வரை தகராறு இல்லை. அடுத்தது நாலு. எங்கள் சீனப் பேச்சில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். தீக்குள் போகிறவன் முதுகில் அதை எவன் எழுதுவான்?

"நாலுன்னு எழுதினா நான் பலகையைத் தொட மாட்டேன்" என்றார் செங் பெக்.

"சரி, நாலை விட்டுட்டு அஞ்சுக்குத் தாவிடலாம்" என்றாள் கெக் சிம்.

"தாவினா, பொம்பா அதிகாரி வந்து எண்ணிப் பார்த்து, நாலாவதை வித்துத் தின்னுட்டீங்களான்னு கேட்பான். நீ பதில் சொல்வியா?"

"பின்னே என்னதான் எழுதச் சொல்றீங்க?"

"மூணு. அடுத்தது மூணு ஏ. பட்டணத்துல அடுக்குமாடி வீட்டுக்கெல்லாம் அப்படித்தான் போட்டிருக்கான். அவனெல்லாம் முட்டாளா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கெக் சிம்மும்தான். அவளுக்கு மட்டும் நாலு பிடிக்குமா என்ன? வட்டத் தகட்டில் மூன்றைப் பெரிதாக எழுதினாள். மிஞ்சின இடத்தில் ஒரு சின்ன ஏ. பார்க்க அழகாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எழுதியாயிற்று, ஆனால் அந்தக் கருவியை எவனும் தொடவில்லை. ஏ போட்டால் மட்டும் அது எது என்று தெரியாதா? கடைசியில் ஷான் எடுத்துக்கொண்டாள். கெக் சிம் குதித்தாள்.

"ஏண்டி, ஆம்பளைங்களே வேணாம்னு ஒதுக்கினதை நீ ஏன் தூக்கி மாட்டுற?"

"மா, யாரும் தொடாத செட்டு. முகமூடியில எவன் எச்சி நாத்தமும் இருக்காது. எனக்கு அது போதும்."

அன்றிலிருந்து கெக் சிம் மற்றவற்றை ஒரு தடவை சரிபார்ப்பாள், மூணு ஏயை இரண்டு தடவை. தீ மணி அடிக்கும்போதெல்லாம் அவளும் கூடவே ஓடுவாள். மகள் போய் வெளியே வருகிற வரைக்கும் அவள் பார்ப்பது நெருப்பை அல்ல. பலகையில் அந்த ஒரு ஆணியைத்தான்.

மூணாம் எண் பூன் ஹாக்குடையது. நண்டுக் கூடு வைக்கிறவன். சேற்றில் அவனைப் போல் நடக்க ஆள் கிடையாது, ஆனால் மறதி என்றால் அப்படி ஒரு மறதி. பயிற்சியில் ஒரு தடவை வெளியே வந்தவன் வில்லையை வாங்காமல் நேராகக் காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்து மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆணியில் வில்லை தொங்குகிறதே என்று செங் பெக் மொத்தப் படையையும் திரும்ப உள்ளே அனுப்பி அவனைத் தேடவிட்டார். ஊர் சிரித்தது. 'தொலைந்துபோன ஹாக்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். இறால் அப்பளக் கொட்டகையில் வேலை மும்முரமாக நடந்த மத்தியானம். எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீ கூரைக்கு ஏறிவிட்டது. மணி அடித்ததும் சைக்கிள் கேரியரில் மூச்சுக் கருவிகளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் பறந்தார்கள். கெட்ட நேரம், கடல் வற்றியிருந்தது. பம்பின் குழாய் தண்ணீருக்கு எட்டாமல் சேற்றில் கிடந்தது. தொட்டித் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும்? கொட்டகைக்குள் எரிவாயு உருளைகள் வேறு இருந்தன. அவை வெடித்தால் அடுத்த வரிசையும் சேர்ந்து போகும். அடுத்த வரிசையின் முதல் வீடு கெக் சிம்முடையது.

உருளைகளை இழுத்து வர ஹாக்கும் ஷானும் ஒன்றாகப் போனார்கள். மூன்றும் மூணு ஏயும் பலகையில் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. ஆளுக்கு ஒரு உருளையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு அப்படியே மறுபடி உள்ளே போனார்கள். அப்புறம் ஹாக் மட்டும், காற்று தீரப்போகிறது என்று கருவியின் விசில் கத்தக் கத்த, ஒரு உருளையை இழுத்துக்கொண்டு வந்தான். செங் பெக் அப்போது அடுத்து உள்ளே போகிற ஐந்தாம், ஆறாம் எண்காரர்களுக்கு நேரம் எழுதிக்கொண்டிருந்தார். ஹாக்குக்கு இந்தத் தடவை வில்லை ஞாபகம் வந்துவிட்டது! பெக்கைத் தொந்தரவு செய்வானேன் என்று தானே ஆணியிலிருந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பம்புப் பக்கம் போய்க் குனிந்து இருமினான். அவன் போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தும் ஆறும் முன்பக்கம் கிடந்த உருளைகளை இழுத்துவிட்டு வெளியே வந்து வில்லை வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் பொம்பா படகும் வந்து சேர்ந்தது. அதிகாரி ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் இல்லை; கொட்டகையை இடித்துச் சரித்து நடுவில் வெளி விட்டால்தான் அடுத்த வரிசை பிழைக்கும். விசைப்படகில் வலை இழுக்கிற வின்ச் எந்திரத்திலிருந்து இரும்புக் கயிற்றைக் கொண்டுவந்து கொட்டகைத் தூணில் கட்டினார்கள்.

"எல்லாரும் வெளியே வந்தாச்சா?" என்று அதிகாரி கத்தினார்.

கெக் சிம் பலகையைப் பார்த்தாள். மூணு ஏ ஆணி காலி. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. மகள் எங்கே நிற்கிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆணி சொல்லிவிட்டதே. பலகையில் மிச்சம் தொங்கியது மூணாம் எண் மட்டும்தான்.

"மூணு உள்ள இருக்கு" என்றார் செங் பெக்.

"மூணு யாரு? ஹாக். அதோ பம்புகிட்ட துப்பிக்கிட்டு நிக்கிறான். கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது."

"பின்னே என்ன? வழக்கம்போல மறந்துட்டான். எடுங்க அதை. என் வீடு போகுது பெக்!"

"அவன் வந்து என் கையால வாங்கட்டும்."

"அவனைத்தான் பார்க்கிறீங்களே!"

"மூஞ்சியை நான் பார்க்கிறதில்ல. டிக்கெட்டைக் காட்டச் சொல்லு."

பழக்கத்தில் டிக்கெட் என்றே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கெக் சிம் கையை நீட்டி அந்த வில்லையை ஆணியிலிருந்து பிடுங்கப் போனாள். கிழவர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். 'இந்தக் கிழத்துக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று ஒருவன் சொன்னான். அவர் அசையவில்லை. கெக் சிம் வீட்டு அடுப்படிக் கூரையில் புகை கிளம்பியது.

யாரோ ஹாக்கின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார்கள்.

"வில்லையை வாங்காம எங்கடா போன?" என்றாள் கெக் சிம்.

"எடுத்துட்டேனே அண்ணி! சத்தியமா இந்தத் தடவை மறக்கல!" ஹாக் பெருமையாகப் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்து நீட்டினான். கரி அப்பிய தகடு. அதிலும் மூன்று.

ஆணியில் ஒரு மூன்று, கையில் ஒரு மூன்று. கெக் சிம் அந்தத் தகட்டை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தாள். கரிக்கு அடியிலிருந்து அவள் கையாலேயே எழுதிய அந்தச் சின்ன ஏ வெளியே வந்தது.

ஊரை நடுங்க வைத்த அந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கத்தியது செங் பெக்தான்.

"வின்ச்சை நிறுத்து! மூணு ஏ உள்ள இருக்கு! பொண்ணு உள்ள இருக்கா!"

"நீ போ போன்னு கை காட்டினா அண்ணி... பின்னாலேயே வர்றான்னு நெனச்சேன்" என்று ஹாக் அழுதான். அழுதுகொண்டே நிற்கவில்லை, அதுதான் அவன். ஐந்தும் ஆறும் வாசல் வழியாக உள்ளே பாய, அவன் பாதையிலிருந்து சேற்றில் குதித்துக் கொட்டகைக்கு அடியில் புகுந்தான். செங் பெக் பம்பை அணைக்கச் சொன்னார். சத்தம் அடங்கியதும், தரைப் பலகைக்கு அடியில் எங்கோ மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. காற்று தீரப்போகிறது என்கிற விசில்.

"கால் தெரியுது! பூட்ஸு தெரியுது!" என்று ஹாக் கீழேயிருந்து கத்தினான்.

வெந்த பலகை உடைந்து ஷானின் ஒரு கால் தொடை வரை கீழே இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. மேலே புகை, எழுந்திருக்க முடியவில்லை. கடல் வற்றியதைத் திட்டினோமே, அது வற்றியிருந்ததால்தான் ஹாக்கால் அடியில் போக முடிந்தது. கீழேயிருந்து அவன் கோடரியால் கொத்த, மேலேயிருந்து மற்ற இருவரும் பலகையைப் பிளக்க, ஷான் முகமூடியோடு சேற்றில் வந்து விழுந்தாள். அதற்குள் கெக் சிம் இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் முகமூடியைக் கழற்றிய கையும் அவளுடையதுதான். காற்றைக் காட்டும் மானியின் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

ஷான் இருமி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "மா, ஒரு பூட்ஸ் உள்ளேயே போச்சு" என்றாள்.

கெக் சிம் அவளை ஒரு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு வின்ச் இழுத்தது, கொட்டகை சரிந்தது, வரிசை பிழைத்தது. காத்திருந்த நேரத்துக்குக் கெக் சிம்மின் அடுப்படி பலியானது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள், "அடுப்படிதானே? போகட்டும், நல்லாப் போகட்டும்" என்று சிரித்தாள். நெருப்புக்கே நன்றி சொல்கிற மாதிரி பேசினாள். மூளை குழம்பிவிட்டதோ என்று சிலர் பயந்தார்கள்.

செங் பெக் மட்டும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஃபெரியில் வேறு யாரோ டிக்கெட் பார்த்தார்கள். கெக் சிம் பக்கத்து வீட்டு அடுப்பில் மீ சுவா என்கிற மெல்லிய நூடுல்ஸைக் கொதிக்க வைத்து, இரண்டு அவித்த முட்டை போட்டு, கண்டம் கழிந்தவர்களுக்குத் தருகிற மாதிரி மூடி எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் தட்டினாள். கிழவர் திறந்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"திட்டத்தானே வந்த? திட்டு. மூணு ஏன்னு போடச் சொன்னது நான்தான். அடுப்படி போனதும் என்னாலதான்."

"அந்த ஏயைக் கொசு மாதிரி எழுதினது யாரு? உங்க தாத்தாவா?"

"நாலுன்னே எழுதிடு. சாவு அதுல இல்ல."

"எழுதிட்டேன். தகடு முழுக்க எழுதிட்டேன். இப்ப உட்காருங்க." பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள். அவள் குரல் மாறிப்போயிருந்தது. "பெக், என் பொண்ணு உயிரை நானே ஆணியிலேருந்து பிடுங்கப் பார்த்தேன். வீடு போகுதேன்னு பார்த்தேன். ஊரே சேர்ந்து கேட்டுச்சு, நீங்க கொடுக்கல. நான் செத்தாலும் இதை மறக்க மாட்டேன். சூடு ஆறுது, சாப்பிடுங்க."

கிழவர் உட்கார்ந்து முட்டையைக் கையில் எடுத்தார். பிறகு சாப்பிட்டார்.

நாலாம் எண் கருவி ஷானுக்கே வந்தது. அடுத்த பயிற்சியில் அந்த வில்லையை வாங்கும்போது செங் பெக் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் ஆணியில் மாட்டினார். ஹாக் வெளியே வந்ததும் பலகைக்கு முன்னால் சிப்பாய் மாதிரி நின்று வில்லையைக் கேட்டு வாங்கினான்.

புத்தாண்டு கழிந்து, அடுப்படிக்கு மரம் வாங்கக் கெக் சிம் அக்கரைக்குப் புறப்பட்டாள். ஃபெரி வாசலில் செங் பெக் பழையபடி நின்றிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர, குறுக்கே நீட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"நீ ஏறு, ஏறு. உன்கிட்ட என்ன கேட்கிறது?"

கெக் சிம்முக்கு வந்ததே கோபம்! அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் ஏற வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"என் மூஞ்சியைப் பார்க்காதீங்க பெக்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "டிக்கெட்டைப் பாருங்க."

இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார்.